கால்சைன் இல்லாத ஆள்

காலை ஏழு மணிக்கு வண்ணார்பேட்டையில் பஸ்காரர்கள் ஹாரனை விட்டுக் கையை எடுக்க மாட்டார்கள். அதே ஏழு மணிக்கு, மெயின் ரோட்டுக்குப் பின்தெருவில் ஒரு மாடி வீட்டில், பாக்கியவதி ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கை அமுக்குவாள். பஸ்காரருக்காவது எதிரே வருகிற ஸ்கூட்டர்காரன் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவான். பாக்கியவதிக்கு அதற்கும் ஆள் கிடையாது.

அவள் ஒரு ஹாம். அரசாங்கப் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக ரேடியோ செட் வைத்துத் தங்களுக்குள் பேசிக்கொள்கிறவர்களுக்கு அப்படிப் பெயர். லைசென்ஸோடு கால்சைன் என்று ஒன்று வரும், எழுத்தும் எண்ணுமாக. வாயைத் திறந்தால் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். வீட்டுச் சொந்தக்காரருக்கு இதெல்லாம் ஒன்றும் பிடிபடவில்லை. மொட்டைமாடியில் அவள் நட்டிருந்த ஆன்டெனாவைக் "காக்கா உக்காருத கம்பி" என்பார். வாடகை மாதம் தவறாமல் வந்ததால் கம்பியைப் பொறுத்துக்கொண்டார்.

டிசம்பர் வெள்ளத்தில் ஆறு ஊருக்குள் வந்து, செல்போன் கோபுரமெல்லாம் செத்து, எங்கே யார் மாட்டிக்கொண்டார்கள் என்று கேட்கக்கூட வழியில்லாமல் கிடந்தோமே, அப்போது பேசியது இந்தச் செட்டுகள்தான். தண்ணீர் வடிந்த மறு வாரமே ஹாம் சங்கத்தில் சேர ஆள் வரிசையில் நின்றது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அறையை ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கேட்டு வாங்கி வகுப்பு வைத்தார்கள். பரீட்சைப் பாடத்தை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். கைவேலைப் பாடம் பாக்கியவதிக்கு. ஈயம் வைத்து ஒயர் ஒட்டுவது, ஆன்டெனா கட்டுவது, பேட்டரியைச் சிக்கனமாகச் செலவழிப்பது, எதிரே இருக்கிறவன் எழுதிக்கொள்கிற வேகத்தில் செய்தி சொல்வது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கையும் குரலும் சுத்தம். கண்டிப்பும் அப்படித்தான்.

"கால்சைன் இல்லாம பட்டன அமுக்குதது அடுத்தவன் வீட்டுக்குள்ள கதவத் தட்டாம நுழையுதது மாதிரி" என்பாள். "லைசென்ஸ் வாற வரைக்கும் கேக்கலாம். காது கொடுத்துக் கேளுங்க. அமுக்கக் கூடாது." பழகுவதற்காகச் சங்கம் இரவல் கொடுத்த கைச்செட்டை ஒருநாள் சும்மா அமுக்கிப் பார்த்தான் ஆதில். மேலப்பாளையத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற, பிள்ளைகுட்டிக்காரன். அவனை வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நிற்க வைத்துவிட்டாள்.

வெள்ளம் திரும்ப வந்தால் செட்டும் ஆளும் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஏழு மணி 'நெட்' ஆரம்பித்தார்கள். ஒருவர் எல்லாரையும் கூப்பிடுவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு தடவை கால்சைனைச் சொல்லி, இருக்கிறேன் என்பார்கள். அவ்வளவுதான் நெட். கூப்பிடுகிற பொறுப்பைப் பாக்கியவதி ஏற்றுக்கொண்டாள். முதலில் ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் முந்துவார். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒருவருக்கு வாக்கிங், ஒருவருக்குப் பிள்ளையின் பள்ளிக்கூட வேன், ஒருவருக்குச் சும்மா தூக்கம். சங்கத்தின் வாட்ஸப் குரூப்பில் மட்டும் ரோஜாப்பூப் போட்ட காலை வணக்கம் குறைவில்லாமல் வந்துகொண்டிருந்தது. வெள்ளம் வந்தால் அந்த ரோஜாப்பூ வந்து தூக்கிக்கொண்டு போகுமாக்கும்.

கடைசியில் நெட்டில் அவள் ஒருத்திதான் மிஞ்சினாள். இருந்தாலும் விடவில்லை. ஏழு மணிக்குக் கூப்பிடுவாள். பாபநாசம் அணையில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்வாள். மழை உண்டா இல்லையா என்று சொல்வாள். "யாராவது இருக்கீங்களா? ஓவர்" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். ஹெட்போனில் ஒன்றும் வராது. "ஆக, இன்னைக்கும் லைன்ல ஆளில்ல" என்று தனக்குத்தானே முணுமுணுத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போவாள். எக்ஸ்சேஞ்ச் காலத்து முணுமுணுப்பு அது.

அடுப்படியிலும் ஆள் கிடையாது. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா வருஷக்கணக்காகப் படுக்கையில் கிடந்தாள். பிறகு தம்பி பிள்ளைகளின் படிப்பு வந்தது. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. தம்பி குடும்பம் பெங்களூரில் இருக்கிறது, கிறிஸ்துமஸுக்குக் கேக் கூரியரில் வந்துவிடும். போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. காலமெல்லாம் ஊராருக்கு லைன் போட்டுக் கொடுத்தவளுக்குத் தன் போனில் யாரைக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் அந்தச் சத்தம் வந்தது.

கூப்பிட்டு, காத்திருந்து, "இன்னைக்கும் ஆளில்ல" என்று முணுமுணுத்து, ஹெட்போனைக் கழற்றக் கையைத் தூக்கினாள். 'டக்' என்று லைன் திறந்தது. பேச்சு இல்லை. ஒரு மின்விசிறி சுற்றுகிற சத்தம், அதற்குப் பின்னால் எங்கேயோ ஒரு பஸ் ஹாரன். இரண்டு மூச்சு நேரம். பிறகு மறுபடி 'டக்', மூடிக்கொண்டது.

எவனோ பட்டனை அமுக்கியிருக்கிறான். கால்சைன் சொல்லாமல்.

பாக்கியவதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மைக்கை எடுத்து, "கால்சைன் சொல்லாத நிலையம் உடனே விலகவும்" என்று எக்ஸ்சேஞ்ச் குரலில் சொன்னாள். ஒரு சத்தமும் இல்லை. "பயந்துட்டான் போல" என்று முணுமுணுத்தாள். 'டக்'. மறுபடியும் மின்விசிறி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளும் வந்தது. அதற்கு அடுத்த நாளும். அவள் கேட்கிறபோது வராது, அவள் கை கழுவி விடுகிற நேரம் பார்த்து வரும். கூச்ச சுபாவம் என்று முடிவு கட்டினாள். மின்விசிறி ஓடுகிறது, ஆகவே வீட்டுக்குள் இருக்கிறான். பஸ் ஹாரன் கேட்கிறது, ஆகவே ரோட்டோரம். வேறு குரல் எதுவும் கேட்பதில்லை, ஆகவே தனி ஆள். பரீட்சை எழுதிவிட்டு லைசென்ஸுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிறான், பேசப் பயம், பேசாமலிருக்கவும் முடியவில்லை. பாவம். இப்படி இரண்டு சத்தத்தை வைத்துக்கொண்டு அவள் ஒரு முழு ஆளையே செய்துவிட்டாள். அவனுக்கு மெலிந்த உடம்பு, கண்ணாடி, காலையில் இட்லிக்கடைக்குப் போகிற வழக்கம் என்றெல்லாம்கூடத் தீர்மானமாகிவிட்டது.

அவன் யாரென்று கண்டுபிடிக்க அவளுக்கு வழி தெரியாமல் இல்லை. ஊரில் உயரமான ஒரு கட்டடத்தின் உச்சியில் சங்கத்தின் ரிப்பீட்டர் இருந்தது. நாம் பேசுவதை ஒரு அலைவரிசையில் வாங்கி, இன்னொன்றில் பலமாகத் திருப்பிச் சொல்கிற பெட்டி. அதனால்தான் முக்கூடலிலிருந்து பேசினாலும் பக்கத்து வீட்டிலிருந்து பேசினாலும் காதில் ஒரே பலத்தில் விழும். ஆனால் செட்டில் ரிவர்ஸ் என்று ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் ரிப்பீட்டரை விட்டுவிட்டு ஆளையே நேராகக் கேட்கலாம். கிட்டத்து ஆளா, தூரத்து ஆளா என்று அப்போதே தெரிந்துபோகும். வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான்.

அவள் அந்தப் பட்டனைத் தொடவில்லை. தொட்டால் அவனுக்கு ஒரு தெருவும் ஒரு முகமும் வந்துவிடும். அப்புறம் கண்டிக்க வேண்டும், புகார் எழுத வேண்டும். அதற்குப் பிறகு காலையில் அந்த 'டக்' வராது. அதுதான் அவளுக்குப் பயம். வெளியே சொல்ல வெட்கமான பயம்.

நெட் நீண்டுகொண்டே போனது. முன்பெல்லாம் அணை நீர்மட்டத்தோடு முடிப்பவள், இப்போது பாடம் எடுக்க ஆரம்பித்தாள். "ஈயம் வைக்கும்போது கம்பியச் சூடு பண்ணணும், ஈயத்த இல்ல. கம்பி சூடானா ஈயம் தானா ஓடி வரும்" என்பாள். "செய்தி சொல்லும்போது நீங்களும் கையில பேனா வச்சு எழுதிக்கிட்டே சொல்லுங்க, அப்பத்தான் அவசரப்பட மாட்டீங்க" என்பாள். கண்ணாடிக்காரன் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான். ஏழு மணிக்கு முன்னாலேயே குளித்து, நல்ல சேலை கட்டி உட்காரத் தொடங்கினாள். ரேடியோவில் சேலை தெரியாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து, மேசையில் சிதறிய ஈயத்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, சங்கச் செயலாளர் குமரகுருபரன் பக்கத்தில் வந்து நின்றார். மின்சார அலுவலகத்தில் எஞ்சினியர், அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர்.

"அக்கா, ஒரு சமாச்சாரம். எவனோ நம்ம ரிப்பீட்டர்ல கால்சைன் சொல்லாம அமுக்குதான். கார்ல போகும்போது நானே கேட்டேன்."

"அப்படியா" என்றாள், ஈயத்தைப் பார்த்துக்கொண்டே.

"உங்களுக்குத் தெரியாதா? நெட் முடிஞ்ச கையோடல்லா வருது."

"எப்பமாச்சும் வரும். நான் கண்டுக்கிடல."

குமரகுருபரன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா? ஆதில வராந்தாவுல நிக்க வச்ச நீங்களா கண்டுக்கிடல?"

அவள் ஈயத்துண்டுகளை டப்பாவில் போட்டு மூடினாள். அவரே தொடர்ந்தார். "எரவல் செட்டு வாங்கிட்டுப் போனவங்கள்ல ஒருத்தனா இருந்தா, மேல தெரிஞ்சா ரிப்பீட்டருக்கே வேட்டு வச்சிருவாங்க. அடுத்த ஞாயித்துக்கெழம நரி வேட்டைப் பாடம்லா? மத்தியானம் வேண்டாம், காலைலயே வச்சிருவோம். இந்தத் தடவ நரிய ஒளிச்சு வைக்க வேண்டாம். ஏற்கனவே உள்ள நரியவே பிடிப்போம்."

நரி வேட்டை என்பது ஹாம்களின் பயிற்சி. எங்கேயாவது ஒரு சின்னச் செட்டை ஒளித்துவைத்து ஒலிக்க விடுவார்கள். மற்றவர்கள் கையில் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் திருப்பினால் சத்தம் கூடுகிறது என்று பார்த்துப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளத்தில் மாட்டியவனைத் தேட உதவும் என்று இதையும் பாக்கியவதிதான் பாடத்தில் சேர்த்திருந்தாள். பிளாஸ்டிக் பைப்பில் கொத்தனார் அளக்கிற இரும்பு டேப்பை வெட்டி மாட்டி ஆன்டெனா செய்யக் கற்றுக்கொடுத்தவளும் அவளே.

"பிடிச்சு என்ன செய்ய?" என்றாள்.

"செட்டப் பிடுங்குவோம். வேற என்ன? நீங்க வழக்கம்போல ஏழு மணிக்கு வீட்டுலருந்து நெட்டக் கூப்பிடுங்க. உங்க கொரலுக்குத்தான் அவன் வாரான். நாங்க மூணு எடத்துல நின்னு தெச பாக்கோம்."

அந்த வாரம் முழுக்க அவள் பாடம் சொல்லும்போது தடுமாறினாள். 'டக்' மட்டும் தவறாமல் வந்தது, இது எதுவும் தெரியாமல். ஒரு கால்சைன் இல்லாத ஆள், ஒரு மின்விசிறி, ஒரு ஹாரன். உலகத்தில் அவள் பேசி முடித்ததும் பதிலுக்கு ஏதோ ஒன்று செய்கிறவன் அவன் ஒருவன்தான். அவனைப் பிடித்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு.

சனிக்கிழமை அவள், தன் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். அணை நீர்மட்டம் சொல்லி முடித்துவிட்டு மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டு பேசினாள். எக்ஸ்சேஞ்ச் குரல் போய்விட்டது. வீட்டுக் குரல்தான் வந்தது.

"கால்சைன் சொல்லாத ஆளுக்கு. நாளைக்கு அமுக்காதீங்க. தெச பாக்க வாராங்க. நாளைக்கு ஒருநாள் பேசாம இருங்க, என்ன? உங்கள எனக்குத் தெரியாது. ஆனா தெனமும் வாரீங்கள்லா, அது எனக்கு எவ்வளவு தெம்பா இருக்குன்னு சொல்லத் தெரியல. லைசென்ஸ் வந்ததும் மொத ஆளா என்னத்தான் கூப்பிடணும். ஓவர்."

சொல்லி முடித்துவிட்டு, முணுமுணுக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள். 'டக்' வரவில்லை. புரிந்துகொண்டான் என்று நினைத்தாள். கெட்டிக்காரன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று குழுவும் ஆயத்தம் என்று சொன்னார்கள். மேம்பாலத்துப் பக்கம் குமரகுருபரனும் ஆதிலும், பாளையங்கோட்டையில் கிங்ஸ்லி என்ற வாத்தியார் தன் ஆட்களோடு, கொக்கிரகுளம் ஆற்றோரம் முத்துராணி என்பவள் இன்னும் இரண்டு பேரோடு. எல்லார் கையிலும் டேப் ஆன்டெனா. ரிப்பீட்டருக்குள் ஏறிப்போகிற அலைவரிசையை நேராகக் கேட்கும்படி செட்டைத் திருப்பி வைத்திருந்தார்கள்.

பாக்கியவதி கூப்பிட்டாள். நீர்மட்டம் சொன்னாள். "யாராவது இருக்கீங்களா? ஓவர்."

காத்திருந்தாள். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். அவன் வரவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டான். அந்த நிம்மதியில் வாய்விட்டே சொல்லிவிட்டாள்: "அப்பாடா, தப்பிச்சிட்டான்!"

'டக்'.

மின்விசிறி. ஹாரன்.

அவளுக்குப் பதறிப்போயிற்று. மைக்கைத் தொடாமல், வெறும் அறையில், வெறும் காற்றைப் பார்த்துக் கத்தினாள். "ஏலே, நேத்தே சொன்னேம்லா! அமுக்காதன்னு சொன்னேம்லா! ஒருநாள் சும்மா இருக்க முடியாதா ஒனக்கு?"

ஹெட்போனுக்குள் யாரோ ஒரு கிழவி கத்தினாள். "...சொன்னேம்லா! ஒருநாள் சும்மா இருக்க முடியாதா ஒனக்கு?"

யார் இந்தக் கிழவி என்றுதான் முதலில் தோன்றியது. பேசும்போது தன் குரல் தனக்கு ஹெட்போனில் திரும்பி வராது. ஆகவே இத்தனை வருஷத்தில் ரிப்பீட்டரில் தன் குரல் எப்படி இருக்கும் என்று அவள் கேட்டதே இல்லை. பைய ஹெட்போனைக் கழற்றினாள். தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ரோட்டில் ஹாரன் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். பின்னால் அலமாரியில், எப்போதோ வகுப்புக்குக் கொண்டுபோன அவளுடைய கைச்செட் சார்ஜரில் நின்றுகொண்டிருந்தது. அதன் தலையில் சிவப்பு விளக்கு எரிந்து, அப்போதுதான் அணைந்தது.

"ஆண்டவரே" என்றாள். விளக்கு மறுபடி எரிந்தது.

கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறவனுக்குப் பட்டனை அமுக்கக் கை இருக்காது. அப்படிப்பட்ட நேரத்துக்காக, குரல் கேட்டால் தானே திறந்துகொள்கிற வசதி ஒன்று கைச்செட்டில் உண்டு. மாதக்கணக்குக்கு முன்னால் ஒரு வகுப்பில் அதைச் செய்து காட்டியவள், வீட்டுக்கு வந்து அணைக்க மறந்துவிட்டாள். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று சார்ஜரில் வைத்துவிட்டாள். லைனில் யாராவது பேசும்போது அது திறக்காது; அவள் நெட்டில் பேசுகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு கேட்கும். லைன் ஓய்ந்ததும், அவளுடைய முணுமுணுப்பைக் கேட்டுத் திறந்துகொள்ளும். அது திறப்பதற்குள் முணுமுணுப்பு முடிந்துவிடும், மிச்சமிருந்த மின்விசிறியையும் ஹாரனையும் அவள் காதுக்கே அனுப்பி வைக்கும்.

குரல் கேட்டால் திறக்கிற செட்டு அது. பகலெல்லாம் அது அந்த அலமாரியில்தான் இருந்தது, ராத்திரியெல்லாமும் இருந்தது. நெட்டுக்குப் பிறகு வருகிற அந்த ஒற்றை முணுமுணுப்பைத் தவிர, அதை எழுப்ப அந்த வீட்டில் பேச்சே இருந்ததில்லை. பாக்கியவதிக்கு இது மெல்லத்தான் புரிந்தது.

கையிலிருந்த ஹெட்போனில் குமரகுருபரனின் குரல் வந்தது. "அக்கா, தெச கெடச்சிருச்சு. மூணு பேருக்கும் வண்ணார்பேட்டைதான் காட்டுது. இதுல வேடிக்க என்னன்னா, நீங்க பேசும்போதும் அதே தெசதான், நரி அமுக்கும்போதும் அதே தெசதான். வாரோம்."

எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். கத்தினது முழுக்கக் கேட்டிருக்கிறார்கள். எழுந்துபோய்க் கைச்செட்டின் சுவிட்சை அணைத்தாள். அதை ஒளித்து வைக்க இடம் தேடுவதற்குள் தெருவில் பைக்குகள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. "காக்கா கம்பிக்கு என்னடே ஆச்சு?" என்று கீழே வீட்டுக்காரர் கேட்டார். படியில் திமுதிமுவென்று ஏறி வந்தார்கள். வாசலில் வந்து நின்றபோது எல்லார் கையிலும் டேப் ஆன்டெனா இருந்தது. அத்தனையும் அவளைப் பார்த்து நீட்டியிருந்தது.

ஆதில்தான் முதலில் வாயைத் திறந்தான். "யக்கா! நீங்கதான் நரியா!"

பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். குமரகுருபரன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "எங்களயே ஏமாத்திட்டீங்களே அக்கா! நீங்க கண்டுக்கிடலன்னு சொல்லும்போதே நெனச்சேன், இவங்க அப்படிப்பட்ட ஆளு இல்லயேன்னு. கடைசில ஒரு சத்தம் போட்டீங்க பாருங்க, என்னா நடிப்பு! மாசக்கணக்கா திட்டம் போட்டுல்லா செஞ்சிருக்கீங்க."

பாக்கியவதி அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கேலி இல்லை. நிஜமாகவே நம்பினார்கள். அவளைப்போல ஒரு கண்டிப்புக்காரி தெரியாமல் இந்தத் தப்பைச் செய்வாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"நல்லாத்தான் பிடிச்சீங்க" என்றாள். தன் குரலா அது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

போட்டோ எடுத்தார்கள். அவள் கையில் கைச்செட்டைக் கொடுத்து, சுற்றிலும் ஆன்டெனாக்களை நீட்டிக்கொண்டு, அவளைச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள். அந்த வீட்டுக்கு இத்தனை பேர் வந்ததே இல்லை, காப்பிக்கு டம்ளர் போதவில்லை. முதலில் குடித்தவர்களின் டம்ளரைக் கழுவி அடுத்தவர்களுக்குக் கொடுத்தாள். வெயில் ஏறுவதற்குள் எல்லாரும் போய்விட்டார்கள்.

முத்துராணி மட்டும் போகவில்லை. முக்கூடல்காரி, நாற்பதைத் தாண்டியவள், வேளாண்மை அலுவலகத்தில் கிளார்க். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாயே திறக்காமல் எழுதிக்கொண்டிருப்பவள். அடுப்படியில் நின்று டம்ளர்களை விளக்கிக்கொண்டிருந்தாள்.

"வையிட்டி, நான் பாத்துக்கிடுதேன். ஒனக்கு பஸ்ஸுக்கு நேரமாகும்."

"அடுத்த பஸ்ல போறேன்க்கா." அவள் திரும்பவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "நேத்து காலைல நீங்க பேசுனத நான் கேட்டேன்."

பாக்கியவதி கையிலெடுத்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லலக்கா. சொல்லவும் மாட்டேன்."

"நீ எப்படிக் கேட்ட?"

"தெனமும் கேக்கேன்லா. எரவல் செட்டு அடுப்பு மேடையில இருக்கும். எம் புருசன் வளைகுடாவுல, பொம்பளப்பிள்ள ஹாஸ்டல்ல. ஏழு மணிக்கு உங்க கொரல் வந்தாத்தான் வீட்ல ஆள் இருக்க மாதிரி இருக்கும். ஈயம் வைக்கது, செய்தி எழுதுதது எல்லாம் அதுல கேட்டுத்தான் படிச்சேன். நமக்குன்னே சொல்லுதாகளோன்னு நெனச்சுக்கிடுவேன்." ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். "நீங்க யாராவது இருக்கீங்களான்னு கேக்கும்போதெல்லாம் இருக்கேன்க்கா, இருக்கேன்க்கான்னு சொல்லுவேன். அடுப்பப் பாத்துத்தான்."

பாக்கியவதி கேட்டாள்: "ஒரே ஒரு தடவ அமுக்கியிருக்கப்படாதா, முத்துராணி?"

முத்துராணி நிஜமாகவே திகைத்துப் பார்த்தாள். "லைசென்ஸ் வரலியேக்கா. அமுக்கக் கூடாதுல்லா."

முத்துராணி ஆன்டெனாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போயிட்டு வாரேன் என்று சொல்லிப் படியிறங்கினாள். அந்த ஆன்டெனாவில் ஈயம் வைத்த இடம் பளபளவென்று, ஒரு பிசிறு இல்லாமல் இருந்தது.

திங்கட்கிழமை ஏழு மணிக்குப் பாக்கியவதி ஹெட்போனை மாட்டி மைக்கை அமுக்கினாள். கால்சைனைச் சொன்னாள். நீர்மட்டம் சொன்னாள். மழை இல்லை என்றாள். "யாராவது இருக்கீங்களா? ஓவர்" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். 'டக்' இல்லை. மின்விசிறி இல்லை. ஒருவரும் இல்லை. முக்கூடலில் ஒரு அடுப்படியில், அவள் இப்போது கேட்ட கேள்விக்கு ஒருத்தி பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது இங்கே வராது. லைசென்ஸ் எப்போது வரும் என்று டெல்லியில் அதைக் கொடுக்கிறவனுக்கும் தெரியாது.

மறுபடி மைக்கை அமுக்கினாள்.

"சரி, கேட்டுக்கிட்டிருங்க. லைசென்ஸ் எப்ப வேணும்னாலும் வரட்டும். நான் இங்கனதான் இருப்பேன்."

சொல்லி முடித்து மைக்கைக் கொக்கியில் மாட்டினாள். முந்தின நாள் அத்தனை பேர் முன்னால் வராத அழுகை அப்போதுதான் வந்தது. வாய்விட்டே அழுதாள்.